நான்கு முளையும் ஒரு கயிறும்

காசில்ரிக் கல்வட்டத்தைக் குறுக்கே நடந்து அளந்தபோது முதல் தடவை 48 தப்படி வந்தது. அதற்குச் செங்குத்தான திசையில் நடந்தேன். 43 வந்தது. எண்ணும்போது எங்கேயோ விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி நடந்தேன். புல் ஈரமாக இருந்தது. நடுவில் செம்மறிகள் மூன்று படுத்திருந்தன. நேர்கோடு விலகக்கூடாது என்பதற்காக அவற்றை எழுப்பிவிட்டுப் போனேன். மறுபடியும் 48. மறுபடியும் 43.

மான்செஸ்டரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள்தான் இங்கே கூட்டிவந்தாள். இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியா மாவட்டத்தில், கெசிக் என்ற சிற்றூருக்குக் கிழக்கே ஒரு மேட்டுப் புல்வெளி. சுற்றிலும் ஸ்கிடா, பிளென்காத்ரா போன்ற மலைகள். அந்த மலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக, நாற்பது சொச்சம் பாறைகள் வளையமாக நின்றுகொண்டிருக்கின்றன. சில என் இடுப்பளவு. வடக்குப் பக்கம் வாசல் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும் இரண்டும் என்னைவிட உயரம். பழஞ்சின்னங்களைக் காக்க பிரிட்டன் 1882இல் முதன்முதலாகச் சட்டம் போட்டபோது, அதன் பட்டியலில் இருந்த சில பத்து இடங்களில் இதுவும் ஒன்று.

நான் வீட்டு வரைபடம் போடுகிறவள். அப்பா நாற்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். ஒரு வட்டம் ஐந்து தப்படி கோணலாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏற என்னால் முடியாது. அங்கிருந்தே ஊரில் இருந்த அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். அகலம் 32 மீட்டருக்கு மேல், இன்னொரு பக்கம் 30க்குக் கீழே, கிட்டத்தட்டப் பத்தடி குறைகிறது, கட்டியவர்களுக்கு வட்டம் போடத் தெரியவில்லையோ என்றேன்.

“பத்தடி தப்புகிறவன் இவ்வளவு பெரிய கல்லைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க மாட்டான் கண்ணு. அப்படித்தான் வேண்டும் என்று செய்திருக்கிறான்” என்றார் அப்பா.

இதே எண்ணத்தில் தன் வாழ்நாளின் பாதியைக் கழித்த ஒருவர் இருந்தார். பெயர் அலெக்சாண்டர் தாம். 1894இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். 1945 முதல் 1961 வரை ஆக்ஸ்போர்டில் பொறியியல் பேராசிரியராக இருந்தார். அவருடைய இன்னொரு ஆசை பாய்மரப் படகு. 1930களில் ஒரு மாலை ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவின் கரையில் நங்கூரம் போட்டபோது, கலானிஷ் என்ற இடத்தின் பழங்கால நடுகற்கள் நிலவொளியில் நிற்பதைக் கண்டு கரையேறிப் போனார். அங்கே ஒரு கல்வரிசை வடக்கு தெற்காகத் துல்லியமாக அமைந்திருப்பது துருவ நட்சத்திரத்தை வைத்துப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கற்களை நட்ட காலத்தில் துருவ நட்சத்திரம் இன்றைய இடத்தில் இருந்திருக்காது. அப்படியானால் வடக்கை எப்படிப் பிடித்தார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோடை விடுமுறைகளில் டேப்பையும், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியையும் தூக்கிக்கொண்டு சேற்றிலும் காற்றிலும் அலைந்தார். பிற்பாடு மகனும் சேர்ந்துகொண்டார். 1985இல் இறப்பதற்குள் நூற்றுக்கணக்கான இடங்களை அளந்து வரைபடமாக்கிவிட்டார்.

அவருக்கு முன்னால் கல்வட்டம் என்றால் எல்லோரும் வட்டம் என்றே வரைந்தார்கள். கோணலாக இருந்தால் காட்டுமனிதர்களின் கைத்திறன் அவ்வளவுதான் என்று கடந்துபோனார்கள். தாம் அப்படிக் கடக்கவில்லை. அளந்ததை அளந்தபடியே காகிதத்தில் போட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை நல்ல வட்டங்கள்தாம். மீதியில் சில முட்டை வடிவம், சில நீள்வட்டம். இன்னும் சில, ஒரு பக்கம் மட்டும் அமுங்கிய வட்டங்கள். இந்த அமுங்கிய வட்டங்களில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வருவதாக அவர் கண்டார். முதல் வகையில் அமுங்கிய பக்கத்தின் குறுக்களவு முழு அகலத்தில் 0.911 பங்கு. இரண்டாவது வகையில் 0.860 பங்கு. காசில்ரிக் முதல் வகை. அதே கம்ப்ரியாவில், சிவந்த மணற்கல் தூணொன்று சுருள் கோலங்களோடு தனியாக நிற்கும் லாங் மெக் என்ற மாபெரும் வளையம் இரண்டாவது வகை. என் 43ஐ 48ஆல் வகுத்துப் பாருங்கள். கால் தப்படி முன்பின் விட்டுக்கொடுத்தால் முதல் வகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வடிவத்தோடு அவர் நின்றிருந்தால் சண்டை இவ்வளவு வந்திருக்காது. விட்டங்களை எல்லாம் வரிசைப்படுத்தியபோது அவற்றுக்கு அடியில் ஒரே அலகு ஒளிந்திருக்கிறது என்றார் தாம். 2.72 அடி, அதாவது 0.829 மீட்டர். இதைத் தமிழில் பெருங்கற்கால கெஜம் என்று சொல்லலாம். இரண்டரை கெஜம் சேர்ந்தால் ஒரு கோல். வட்டத்தின் விட்டம் முழு கெஜங்களில் வர வேண்டும், சுற்றளவு முழுக் கோல்களில் வர வேண்டும் என்பதே கட்டியவர்களின் விருப்பம் என்றார். உண்மையான வட்டத்தில் இது எளிதில் அமையாது. விட்டத்தைப் போல 3.14 மடங்கல்லவா சுற்றளவு? ஒரு பக்கத்தை அமுக்கினால் முதல் வகையில் அது 3.06ஆகக் குறைகிறது, இரண்டாவது வகையில் 2.96. மூன்று என்ற முழு எண்ணை இரண்டு பக்கமிருந்தும் நெருங்கியிருக்கிறார்கள். எண்ணில் பிசிறு இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் வட்டத்தையே மாற்றினார்கள் என்று தாம் நம்பினார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முட்டை வடிவங்களுக்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் துணிச்சலானது. அவற்றுக்குள் செங்கோண முக்கோணங்கள் இருக்கின்றன, பக்கங்கள் எல்லாம் முழு எண்கள் என்றார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே உட்ஹெஞ்ச் என்று ஒரு இடம். அங்கே நின்றவை மரத்தூண்கள். தூண்கள் மக்கிப்போய்க் குழிகள் மட்டும் மிஞ்ச, 1925இல் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் ஆறு வளையங்களாகத் தெரிந்தன. அந்த ஆறும் முட்டை வடிவம். அவற்றுக்குள் 12, 35, 37 என்ற முக்கோணத்தைப் பார்த்தார் தாம். சுற்றளவுகள் 40, 60, 80, 100, 140, 160 கெஜம் என்றார். பித்தாகரஸுக்கு வெகுகாலம் முன்பே பித்தாகரஸா என்ற ஆச்சரியம் எழுந்தது.

பித்தாகரஸ் பெயரைக் கேட்டதும் ஆச்சரியப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் கடைக்கால் தோண்டுமுன் முளை அடிப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மூலை பார்க்க வேண்டுமென்றால் நூலில் ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலைமட்டம் சரி. அதற்கு ஒரு தேற்றம் இருக்கிறது என்பது நான் ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரியும். கயிறும் முளையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிற கைகளுக்கு நிரூபணம் இல்லாமலே நிறைய விஷயம் தெரிந்துவிடும். ஆகவே தாம் சொன்ன முக்கோணங்கள் எனக்கு மலைப்பாக இல்லை. எனக்கு உறுத்தியது அந்தக் கெஜம்.

ஏனென்றால் அவர் சொன்ன துல்லியம் அப்படி. 2.72 அடிக்கு மேலும் கீழும் 0.003 அடி. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள். ஸ்காட்லாந்தின் வடமுனையிலிருந்து கார்ன்வால் வரை, நூற்றுக்கணக்கான ஆண்டுகள், ஒரே நீளம். ஒரு கோலைப் பார்த்து இன்னொரு கோலை வெட்டி, அதைப் பார்த்து இன்னொன்றை வெட்டினால் பிழை ஏறிக்கொண்டே போகும் என்பது தாமுக்கும் தெரியும். அதனால் எங்கோ ஒரு தலைமையிடம் இருந்து கோல்களை அனுப்பியிருக்க வேண்டும் என்று எழுதினார். நம் ஊர்க் கோயில்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைச் சுவரில் வெட்டிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். கோல் தேய்ந்தாலும் முறிந்தாலும் கல்லில் சரிபார்த்துக்கொள்ளலாம். அரசும் வரியும் எழுத்தும் இருந்த நாட்டின் ஏற்பாடு அது. பிரிட்டனின் எந்தக் கல்வட்டத்திலும் அப்படி ஒரு கோலோ கோலின் குறியோ கிடைக்கவில்லை.

காசில்ரிக்கில் நான் எதை அளந்தேன் என்பதையும் யோசிக்க வேண்டும். அங்குள்ள ஒரு கல்லைக் கையால் தழுவிப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு மீட்டர் தடிப்பு இருக்கும். தாம் சொல்லும் கெஜத்தைவிடப் பெரியது. அந்தக் கல்லின் உள்முகத்திலிருந்து அளப்பதா, நடுவிலிருந்தா, வெளிமுகத்திலிருந்தா? கல் சாய்ந்திருந்தால் அடியிலா, உச்சியிலா? சில கற்கள் விழுந்துவிட்டன. வேறு பல வட்டங்களில் விழுந்த கற்களைப் பிற்காலத்தவர்கள் தங்கள் யோசனைப்படி தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தாம் இதையெல்லாம் அறியாதவர் இல்லை. ஒவ்வொரு கல்லின் அடிநடுவையும் குறித்து, எல்லாவற்றுக்கும் மிக நெருக்கமாகப் போகும் கோட்டைக் கணக்கிட்டு எடுத்தார். ஒரு கல்லின் பிழை இன்னொரு கல்லின் பிழையைச் சமன் செய்துவிடும், நூற்றுக்கணக்கான வட்டங்களைச் சேர்த்தால் சராசரி கூர்மையாகும் என்பது அவருடைய வாதம். பொறியாளர் ஒருவர் சொல்லக்கூடிய நியாயமான வாதம்தான். ஆனாலும் 32.6 மீட்டரை 0.829ஆல் வகுத்தால் 39.3 வருகிறது. காசில்ரிக் தன் கெஜக் கணக்கை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கணக்கு என்ன என்பது எனக்குப் பிடிபட்டது ஈரோடு பஸ் நிலையத்துக்கு வெளியே பூக்காரம்மாவிடம் பூ வாங்கும்போதுதான். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தைப் பிடித்து அளந்து வெட்டினார். அவருடைய முழம் எவ்வளவு என்று கேட்காமலே நாம் கண்டுபிடித்துவிடலாம். அன்று அவர் வெட்டிய எல்லாச் சரங்களையும் வாங்கி டேப்பில் அளந்தால் 45 சென்டிமீட்டர், 90, 135 என்று நீளங்கள் குவியும். நடுவில் வெற்றிடம் இருக்கும். அந்த இடைவெளிதான் அவருடைய முழம். பக்கத்தில் இன்னொரு பூக்காரர் இருக்கிறார், அவர் கை குட்டை, முழம் 43 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருடைய சரங்களையும் ஒன்றாகக் கொட்டினால் ஒரு முழச் சரங்களில் வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் முதல்வரின் இருபது முழம் 900 சென்டிமீட்டர், இரண்டாமவரின் இருபத்தொரு முழம் 903. இனி எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. சிறிய நீளங்களில் அலகின் தடம் தங்கும், பெரிய நீளங்களில் கரைந்துவிடும்.

கல்வட்டங்களுக்கும் இதே நிலைமைதான். நாற்பது கெஜ வட்டத்தில் அலகு நூற்றில் ஒரு பங்கு பிசகினாலே அரைக் கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவாக விலகிவிடும். பிறகு நாற்பதா, நாற்பதரையா என்ற பேச்சுக்கே இடமில்லை. புள்ளியியல் பேராசிரியர் டேவிட் கெண்டல் இதற்கென்றே ஒரு முறையை வகுத்து, தாமின் விட்டங்களைச் சோதித்து 1974இல் வெளியிட்டார். அலகே இல்லாத குருட்டு நீளங்கள் இப்படிக் குவிவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்பது அவர் கண்ட முடிவு. விட்டங்கள் குவிந்த இடைவெளி 1.66 மீட்டர், இரண்டு கெஜம். ஆனால் அந்தச் சான்றின் பலமெல்லாம் ஸ்காட்லாந்து வட்டங்களிலிருந்தே வந்தது. ஒரு மில்லிமீட்டர் துல்லியம் அந்தக் கணக்கில் தேறவில்லை. பிறகு வந்தவர்களும் பெரும்பாலும் இதே பக்கம்தான் நின்றார்கள்: ஏதோ ஒரு அளவு இருந்திருக்கலாம், தலைமையிடமும் கோல் வினியோகமும் வேண்டியதில்லை, காலால் தப்படி போட்டு அளந்தாலே போதும்.

என் மனமும் இதில்தான் நிற்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். விட்டத்தில் 1.66 என்றால் ஆரத்தில் 0.83. முளையில் கட்டிய கயிறு ஆரத்தைத்தான் அறியும், விட்டத்தை அறியாது. கயிற்றை அளப்பதற்குக் கீழே குனிந்து தப்படி போட வேண்டியதும் இல்லை. அப்பா கிணற்றுக் கயிறு வாங்கும்போது ஒரு நுனியை நெஞ்சுக்குழியில் வைத்து மறுகையை நீட்டி இழுப்பார். நெஞ்சிலிருந்து விரல் நுனி வரை ஒரு இழுப்பு. அவருடைய இழுப்பு டேப்பில் 84 சென்டிமீட்டர். நடுத்தர உயரமுள்ள எந்த ஆணுக்கும் அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பின்தான் இருக்கும். ஸ்காட்லாந்தில் ஒரு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கயிறு இப்படி அளக்கப்பட்டிருந்தால், கெண்டல் கண்ட அளவு தடம் தாராளமாக மிஞ்சும். இது என் ஊகம். கொத்தனார் வீட்டில் வளர்ந்த ஊகம்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் தாமின் முதல் வகைப் படத்தைக் காட்டினேன். எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் நொய்யலுக்கும் இடையே. ஐப்பசி மழைக்குப் பிறகு, மாடு மேய்க்கும் நிலமான கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தளிர்த்திருந்தது. கிளுவை வேலிக்குள் மாடுகள் மேய்ந்து ஒட்ட வெட்டினாற்போல இருந்த ஒரு பகுதியை அப்பா தேர்ந்தெடுத்தார். முதலில் தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்தேன். அப்பா அதைத் தளர்வாகப் பிடித்து ஒரு தடவை அளக்கச் சொன்னார், இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை. பத்து மீட்டரில் நான்கு விரற்கடை வித்தியாசம். “கயிறு எதுவானாலும் சரி, கடைசி வரை ஒரே ஆள் ஒரே இழுப்பில் பிடிக்க வேண்டும்” என்றார். மில்லிமீட்டர் பேச்சுக்கு அந்த ஒரு வாக்கியத்தைவிட நல்ல பதிலை நான் எங்கும் படிக்கவில்லை.

நடுவில் ஒரு முளை அடித்தோம். ஆறு மீட்டர் கயிற்றால் வட்டம் சுற்றி, அடுப்புச் சாம்பலைத் தூவிக் கோடு போட்டேன். அதே ஆறு மீட்டர் கயிறு வட்டத்தின் விளிம்பில் சரியாக ஆறு தடவை அடங்கும். அதை அப்பா சொல்லாமலே செய்தார், ஆறு இடத்தில் கல் வைத்தார். ஆறு பங்கில் நான்கை அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பங்கை மட்டும் அமுக்க வேண்டும். அமுங்கும் பகுதியின் இரண்டு முனைகளில் இருக்கும் கற்களை நோக்கி நடு முளையிலிருந்து கயிறு பிடித்து, கயிற்றை இரண்டாக மடித்துப் பாதித் தூரத்தில் ஒவ்வொரு முளை. நான்காவது முளை அமுங்கும் பகுதிக்கு நேர் எதிரே, வட்டத்தின் விளிம்பிலேயே. இதைத் தூரத்து முளை என்று வைத்துக்கொண்டோம்.

இதற்குமேல் தாமின் படத்தில் மூன்று வில்கள் இருந்தன. பாதி முளைகளிலிருந்து சிறிய வில் இரண்டு, தூரத்து முளையிலிருந்து பெரிய வில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீளம் கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அப்பா தாளை வாங்கவில்லை. கயிற்றில் தட்டும் என்று நடு முளையைப் பிடுங்கிவிட்டு, தூரத்து முளையில் கயிற்றைக் கட்டினார். அதைப் பாதி முளை ஒன்றின் மேல் வளைத்து, அமுங்கும் பகுதியின் முனைக்கல் வரை இழுத்து, அங்கே முடிச்சுப் போட்டார். பிறகு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, கயிறு தொய்யாமல், உள்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். முதலில் கயிறு பாதி முளையில் மடங்கியபடியே சுழன்றது. சிறிய வில் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் மடிப்பு தானாக விடுபட்டு, கயிறு தூரத்து முளையிலிருந்து ஒரே நேர்கோடாக நின்றது. அங்கிருந்து பெரிய வில். நடந்துகொண்டே போனார். மறுபக்கத்துப் பாதி முளை கயிற்றில் தட்டியது, கயிறு அதில் மடங்கியது, மறுபடியும் சிறிய வில், அடுத்த முனைக்கல்லில் வந்து முடிச்சு தொட்டது. நிற்கவே இல்லை. மூன்று வில்லும் ஒரே நடையில் விழுந்துவிட்டன.

நான் சாம்பல் தூவுவதை மறந்து நின்றிருந்தேன். மறுபடியும் நடக்கச் சொன்னேன்.

“மாடு கட்டின கயிறு வேலிக்கம்பில் மாட்டிக்கொள்ளும் பார், அதுதானே இது” என்றார் அப்பா. அவருக்கு அதில் ஒரு விந்தையும் இல்லை.

டேப் வைத்துப் பார்த்தோம். அகலம் 12 மீட்டர். அமுங்கிய குறுக்களவு கணக்குப்படி 10.94 வர வேண்டும், 10.92 வந்தது. சுற்றளவை அளக்கத் தெம்பில்லை, பெரியவர் களைத்துவிட்டார். நான்கு முளை, ஒரு கயிறு. எண்ணே தேவைப்படவில்லை, ஆறு வரை எண்ணத் தெரிந்தால் போதும். இந்த வடிவத்துக்குக் கணித மேதை வேண்டும் என்று சொல்பவர்களோடு இனி நான் வாதிட மாட்டேன், கொரங்காட்டுக்குக் கூட்டிவருவேன். முளையைச் சுற்றிக் கயிறு மடங்கும் வழியில் இந்த வடிவங்களை விளக்கிய ஆராய்ச்சியாளர்கள் 1970களிலேயே இருந்திருக்கிறார்கள். அதை நான் பிறகுதான் படித்தேன். அப்பா படிக்கவே இல்லை.

எளிதாகச் செய்யலாம் என்பதால் அப்படித்தான் செய்தார்கள் என்று ஆகிவிடாது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. 1984இல் ஜான் பார்னட், கார்டன் மொய்ர் என்ற இருவர் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னார்கள்: முளையும் கயிறும் இல்லாமல் கண்மதிப்பாகவே மனிதர்கள் வளையம் அமைத்தாலும், அமுங்கியதும் முட்டையும் நீள்வட்டமுமாக ஏறத்தாழ இதே வடிவங்கள் வந்துவிடும். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கலில் கும்மி அடிக்கும் பெண்கள் நிற்பதை இதற்குப் பிறகு கவனித்தேன். யாரும் கயிறு பிடிப்பதில்லை. கோயில் சுவர்ப் பக்கம் வளையம் தட்டையாகிறது, ஆட்கள் கூடக்கூடத் திறந்த பக்கம் பிதுங்குகிறது. அந்த வளையத்தை ஒருவர் அளந்து வரைந்தால் தாமின் ஏதோ ஒரு வகையில் சேர்த்துவிட முடியும். காசில்ரிக்கில் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லைக் கொண்டுவந்து, நிற்கிறவர்களின் வளையத்தைப் பார்த்து நட்டிருக்கலாம். எல்லா அமுங்கிய வட்டத்துக்கும் ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் உட்ஹெஞ்ச் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு முட்டைகள், எல்லாம் ஒரே திசையை நோக்கி இருப்பது கண்மதிப்பில் வராது. அங்கே கயிறு இருந்தது என்றே நம்புகிறேன்.

கொடுமணலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அங்கேயும் கல்வட்டங்கள் உண்டு, இதே சொல்லைத்தான் நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அவை இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள். பலகைக்கற்களால் அமைத்த கல்லறையைச் சுற்றிப் போட்ட வளையம். நடுவில் இறந்தவருக்கான அறை இருக்கிறது, வட்டம் அதற்கு வேலி. காசில்ரிக்கின் நடுவில் அப்படி எதுவும் இல்லை. கிழக்குப் பக்கம் மட்டும் உள்ளே பத்துக் கற்கள் நீள்சதுரமாக நிற்கின்றன. மற்றபடி வெறும் புல்வெளி, ஆட்கள் கூடுவதற்கான இடம். சொல் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கட்டக்கூடாது.

கடைசியாக, அண்மையில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று. யார்க்ஷயரில் ஃபோக்டன் என்ற இடத்தில் 1889இல் ஒரு குழந்தையின் கல்லறையில் மூன்று சுண்ணக்கல் உருளைகள் கிடைத்தன. கைக்கு அடக்கமானவை, கண்ணும் புருவமும் மாதிரி கோலம் செதுக்கியவை. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்றைவிட ஒன்று சிறியது. நூறாண்டுக்கு மேல் அவற்றை அழகுப் பொருள் என்றே நினைத்திருந்தார்கள். 2018இல் சில தொல்லியலாளர்கள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பெரிய உருளையில் நூலை ஏழு சுற்று, அடுத்ததில் எட்டு, சிறியதில் பத்து சுற்றினால், மூன்றிலும் ஒரே நீளம் வருகிறது, 3.22 மீட்டர். லாவன்ட் என்ற இடத்தில் கிடைத்த நான்காவது உருளையில் ஒன்பது சுற்று. அந்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு 32.2 சென்டிமீட்டர், அதுவே ஸ்டோன்ஹெஞ்சின் அளவுகளுக்கு அடியில் இருக்கும் அடி என்கிறார்கள். தாமின் கெஜத்தோடு அது பொருந்தவில்லை.

எனக்கு அதில் பிடித்தது அலகு இல்லை, நூல்தான். கோல் முறியும், கயிறு இழுக்கும், கை ஆளுக்கு ஆள் மாறும். கல்லில் சுற்றிச் சரிபார்த்தால் நீளம் திரும்பக் கிடைத்துவிடும். கோயில் சுவரில் வெட்டிவைத்த கோலின் வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு உருளை செய்கிறது. அந்த யோசனை நிலைக்குமா என்பதை அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். அப்பாவிடம் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “குழந்தைக்குப் பக்கத்தில் ஏன் வைத்தார்கள்?”

கொரங்காட்டில் போட்ட சாம்பல் கோடு அடுத்த மழையில் போய்விட்டது. அன்று புறப்படும்போது அப்பா மற்ற மூன்று முளைகளையும் பிடுங்காமல் விட்டுவைத்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, ஈரோட்டில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டார். தூரத்து முளையில் அதே நீளக் கயிற்றில் கன்றைக் கட்டியிருந்தாராம், மேய்ந்த தடம் நன்றாகத் தெரிகிறதாம்.

“மேல் பக்கம் அப்படியே தட்டையாக இருக்கிறது கண்ணு. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வா.”